மேப்பிள் இலைக்கு வெளியே ஒரு வரிசைத் துளைகள்

1

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் அலுமாரிக்குள் போவதற்கு முன் அதைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிப்பேன். அளவுக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் தரப் பரிசோதனை என் தொழில். ஒரு பொருள் தன்னைப் பற்றிச் சொல்வதை உடனே நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். மகள் ஆரணி தன் வகுப்பில் "என் அம்மா ஷாம்பூப் போத்தல்களை விசாரணை செய்வார்" என்று நோர்வேஜிய மொழியில் சொல்லியிருக்கிறாள். பெற்றோர் சந்திப்பில் ஆசிரியை அதை எனக்குச் சிரித்தபடி திருப்பிச் சொன்னார். அந்தச் சிரிப்பையும் நான் முழுதாக நம்பவில்லை.

அண்மைக் காலமாக நான் தேடுவது ஒன்றைத்தான்: கனடாவில் செய்ததா?

ஒஸ்லோவில் இருக்கும் ஒருத்திக்குக் கனடாப் பொருள் எதற்கு என்று ஊரில் இருக்கும் நீங்கள் கேட்கலாம். என் அக்கா சாந்தி ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் இருக்கிறார். குளிர்காலக் கையுறைகள் தைக்கும் சிறிய தொழிற்கூடம் ஒன்றில் அவருக்குத் தையல் இயந்திர வேலை. உள்ளங்கையில் தோலும் உள்ளே கம்பளியும் வைத்துத் தைத்த, விரல் பிரியாத கையுறைகள், அங்கே அவற்றுக்கு மிற்றன் என்று பெயர். அவற்றில் பெரும்பகுதி எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு நாடுகளுக்கும் இடையில் இறக்குமதி வரிச் சண்டை மூண்டதும் அந்தக் கொள்வனவு நின்றுவிட்டது. அத்தானுக்கு முதுகில் சத்திரசிகிச்சை நடந்ததிலிருந்து அவர் வேலைக்குப் போவதில்லை. வீடு ஓடுவது அக்காவின் சம்பளத்தில். அக்காவின் வேலைநேரத்தைக் குறைத்தார்கள். பிறகு இன்னும் குறைத்தார்கள்.

ஒருநாள் வட்ஸ்அப்பில் அக்காவின் குரல் வந்தது.

"தர்சி, இஞ்சை இப்ப சனம் எல்லாம் கனடாச் சாமான்தான் வாங்குது. கடையிலை தக்காளியைக் கூட உருட்டி உருட்டிப் பாத்துத்தான் எடுக்கினம். ஆனா எங்கட மிற்றன் விலை கூட எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டுப் போகினம். உங்கட நாட்டிலை குளிர்தானே. அங்கை ஆரும் வாங்க மாட்டினமோ?"

அக்கா என்னிடம் எதையும் கேட்டதில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

2

நான் முறையாகத் தொடங்கினேன். வீட்டில் இருக்கும் பொருள்களில் எதற்கெல்லாம் கனடாவில் செய்த மாற்று உண்டு என்று பார்ப்பது. அக்காவின் கையுறைகளை வாங்கும்படி மற்றவர்களிடம் கேட்பதற்கு முன் நானே அப்படி வாழ்ந்து பார்ப்பது.

மேப்பிள் பாகு சுலபம். அது பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் ஒஸ்லோக் கடையில் இருந்த ஒரு போத்தலின் முன்பக்கத்தில் கனடாக் கொடியின் இலை, பின்பக்க எழுத்தில் சோளப் பாகு. அது கனடாவின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. இலையைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தது.

சவர்க்காரம் கிடைத்தது. உதட்டுக்குப் பூசும் மெழுகு கிடைத்தது. ஆரணி ஐஸ் ஹொக்கி விளையாடுகிறாள்; மட்டையைச் சுற்றி ஒட்டும் நாடா கனடாவில் செய்ததாகவே கிடைத்தது. அவளுக்கு அதில் பெருமை. கம்பளி நூலும் தேடினேன். ஆட்டுக்குப் பஞ்சமில்லாத நோர்வேக்குக் கடல் தாண்டிக் கம்பளி நூல் வரவழைக்கிறேன் என்று அலுவலகத்தில் சொன்னபோது, பக்கத்து மேசை நோர்வேஜியர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

என் பொழுதுபோக்கு, ஆயிரம் துண்டுகளைப் பொருத்திப் படமாக்கும் புதிர்ப் பெட்டிகள். கனடிய ஏரி ஒன்றின் படம் போட்ட பெட்டியை இணையத்தில் வாங்கினேன். "கனடாவில் வடிவமைக்கப்பட்டது" என்று பெரிய எழுத்து. அச்சிட்டது எங்கே, வெட்டியது எங்கே என்று பெட்டியின் ஆறு பக்கத்திலும் இல்லை. கொம்பனிக்கு எழுதிக் கேட்டேன். "எங்கள் நேசமான வாடிக்கையாளரே" என்று தொடங்கிய பதில் வந்தது. நேசம் இருந்தது, நாடு இல்லை.

அப்போதுதான் விதிகளை வாசித்தேன். கனடாவில் இரண்டு வாசகங்கள் உண்டு. "கனடாவின் விளைபொருள்" என்றால் ஏறக்குறைய எல்லாமே அங்கிருந்து வர வேண்டும். "கனடாவில் செய்தது" என்றால் செலவில் பாதிக்குச் சற்று மேல் அங்கே நடந்தால் போதும், கடைசியாக உருமாறுவதும் அங்கேயாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த பொருள் உள்ளே இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இவை தவிர, விதிக்குள் வராமல் நழுவும் சொற்கள்: வடிவமைத்தது, பொதி செய்தது, கனடியர்களுக்குச் சொந்தமானது. கடைசியாக, சும்மா ஓர் இலை. நான் அதிகம் சந்தேகப்படுவது சும்மா இலையைத்தான்.

3

இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த பெரிய கண்டுபிடிப்பு குசினியிலேயே இருந்தது. ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் இருக்கும் தமிழ்க் கடையில் வாங்கிய மைசூர்ப் பருப்புப் பையைக் கவிழ்த்தேன். விளைந்த நாடு: கனடா. கடுகு: கனடா. நான் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பிறகு நினைத்துப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் கூட்டுறவுச் சங்கக் கடையில் பருப்பு வந்த சாக்குகளிலும் அந்த நாட்டின் பெயர்தான் இருந்தது. அந்தச் சாக்கைக் கழுவி வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்தோம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கனடாவில் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். நாங்கள் பருப்பை நம்முடையதாகவும், புலம்பெயர்ந்த மாமா அனுப்பும் பொதியை வெளிநாடாகவும் பிரித்து வைத்திருந்தோம்.

அந்தப் பொதியில் ஒருமுறை எனக்கும் அக்காவுக்கும் இரண்டு சட்டைகள் வந்தன. கழுத்து லேபலில் "இலங்கையில் செய்தது" என்று இருந்தது. அக்கா அதை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு வைத்திருந்த மூன்றாவது சட்டையை எடுத்து, கத்தரிக்கோலால் லேபலைச் சுத்தமாக வெட்டினார்.

"உதோடை குடுத்தால் எங்கட கட்டப்பிராய்க் கடையிலை வாங்கினதெண்டு சொல்லுவினம்," என்றார்.

எங்கள் தெருவில் அப்படி லேபல் இல்லாத வெளிநாட்டுச் சட்டைகள் நிறைய இருந்தன. யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. மாமா அனுப்பியது உண்மைதானே.

4

எங்களுக்கு ஒரு சனிக்கிழமைக் குழு உண்டு. ரொம்மன், ரொம்சோஸ், மோர்டென்ஸ்ருட் என்று நகரத்தின் இரண்டு ஓரங்களிலிருந்தும் மெற்றோ பிடித்து வரும் தமிழ்ப் பெண்கள். பனிக்காலத்தில் சறுக்குக்கட்டை, மற்றக் காலத்தில் காட்டு நடை. குழுவை நடத்துவது ஜெசிந்தா அக்கா. மன்னார்க்காரி, முதியோர் இல்லத்தில் தாதி உதவியாளர், ஏற்றத்தில் எங்களுக்கெல்லாம் முன்னால் போய் நின்று செபமாலை சொல்லிக்கொண்டு காத்திருப்பவர்.

அந்த மாரிக் குளிரில் அக்கா ஆரணிக்கு ஒரு சோடி கையுறை அனுப்பியிருந்தார். அவர் தன் கையால், முதல் தையலிலிருந்து கடைசித் தையல்வரை தைத்தது. அதைக் குழுவில் காட்டினேன். கையிலிருந்து கைக்குப் போனது.

"மணிக்கட்டிலை பனி போகாது," என்றார் ஜெசிந்தா அக்கா. "இது ஆர், உம்மட அக்காவே தைச்சவ?"

"ஓம்."

"அப்ப முடிஞ்சுது. எனக்கு ரெண்டு சோடி எழுதும் பிள்ளை."

கவிதா மட்டும் யோசித்தாள். அவள் கோயம்புத்தூர்க்காரி, மென்பொருள் வேலை. "தர்ஷினி, நானும் வாங்கறேன். ஆனா கனடாவுக்கு சப்போர்ட்டுன்னா நிஜமா கனடாவா இருக்கணும். ஏன் சொல்றேன்னா, திருப்பூர்ல தைச்சதை உலகம் பூரா போய் வாங்கின ஊர்க்காரி நான்."

"அவவின்ர அக்கா தைக்கிறா எண்டு சொல்லுறா, உமக்கு வேற என்ன சேட்டிபிக்கேற் வேணும்?" என்றார் ஜெசிந்தா அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஷாம்பூப் போத்தலை விசாரிக்கிறவள் நான். அன்றைக்கு எதையும் விசாரிக்கவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு பொருளை விற்பதற்கு உத்தரவாதச் சீட்டுத் தேவையில்லை. சொந்தக்காரர் ஒருவர் அதைத் தொட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் கையுறை வாங்கவில்லை, என் அக்காவை வாங்கினார்கள். நான் அதை நன்றாகத் தெரிந்துகொண்டே விற்றேன்.

குழுவிலிருந்து அவர்களின் அக்கா தங்கைகளுக்கும் வேலைத்தள நண்பர்களுக்கும் பரவி, தொகை பெருகியது. என் பெயரில் ஒரே கொள்வனவுக் கட்டளையாக அனுப்பினேன். அதனால் இறக்குமதியாளர் நான்.

"முதலாளி இண்டைக்குக் கேக் வெட்டினவர்," என்று அக்கா செய்தி போட்டார். "ஒஸ்லோ எண்டு கிறீமாலை எழுதி."

5

பெட்டிகள் ஒக்ரோபரில் வந்தன. இரண்டு நாள் கழித்துச் சுங்கத் திணைக்களத்திலிருந்து என் மின்தபால் பெட்டிக்கு ஒரு கடிதம். உடுப்பு வகைக்கு இங்கே இறக்குமதித் தீர்வை உண்டு. கனடாவில் உருவானதென்றால் வர்த்தக ஒப்பந்தப்படி தீர்வை இல்லை. அனுப்பியவர் அப்படிச் சான்று எழுதியதால் தீர்வை இல்லாமல் விட்டிருக்கிறோம். எழுந்தமானமாகச் சில பொதிகளைச் சரிபார்க்கிறோம். உங்களிடம் உள்ள விவரங்களைத் தாருங்கள். மரியாதையான கடிதம். இந்த நாட்டில் மரியாதையான கடிதம்தான் அதிகம் பயப்படுத்தும்.

விளக்கம் கேட்கத் தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் ஒரு பெண் குறிப்பு எண்ணைக் கேட்டார், பெயரைக் கேட்டார், பிறகு "பூர்வீகம்?" என்றார். நான் வழக்கம்போல, "இலங்கை, ஆனால் இங்கே பத்து வருடத்துக்கு மேல், குடியுரிமை எடுத்துவிட்டேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"கையுறைகளின் பூர்வீகத்தைக் கேட்டேன்," என்றார் அவர்.

லேபலைத் தெளிவாகப் படம் பிடித்து அனுப்பினால் நல்ல தொடக்கம் என்றார். அன்று மாலை வேலை முடிந்து வந்ததும் ஒரு சோடியை எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். மணிக்கட்டுத் தோலில் சிறிய துணி லேபல், சிவப்பு இலை, "கனடாவில் செய்தது". ஃபோனின் கமராவைப் பெரிதாக்கியபோதுதான் கண்டேன். லேபலின் வலது ஓரத்துக்கு வெளியே, தோலில், நேர்கோடாக ஊசித் துளைகள். நூல் இல்லை.

துணியில் தைத்து அவிழ்த்தால் இழைகள் திரும்பக் கூடிவிடும். தோல் அப்படியில்லை. ஊசி ஒருமுறை போன இடம் தோலில் அப்படியே இருக்கும்.

அடுத்த சோடியை எடுத்தேன். அதிலும் இருந்தது. பெட்டியில் கைவிட்டு எடுத்த எல்லாவற்றிலும் இருந்தது. முன்பு ஒரு லேபல் இருந்திருக்கிறது, இதைவிடச் சற்று அகலமாக. அதைக் கழற்றி இதைத் தைத்திருக்கிறார்கள்.

ஆரணியின் பழைய சோடியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். அக்கா தோலில் தையலை முடிக்கும்போது ஒருபோதும் பின்னோக்கி ஓட்டமாட்டார். துளைமேல் துளை விழுந்தால் தபால் முத்திரை கிழிவதுபோலக் கிழிந்துவிடும் என்பார். நூலின் இரண்டு நுனியையும் உட்புறம் இழுத்துக் கையால் முடிச்சுப் போடுவார். ஆரணியின் கையுறை முழுக்க அந்த முடிச்சுகள். புதியவற்றில் தையல் எல்லாம் பின்னோக்கி ஓடி முடிந்திருந்தது, வேறு யாருடையதோ கை. லேபலில் மட்டும் அக்காவின் முடிச்சு.

"மம்மா, ஏன் வொட்டரை எல்லாம் நிலத்திலை அடுக்கி வைச்சிருக்கிறீங்கள்?" என்று ஆரணி வந்து கேட்டாள். இங்கே பிள்ளைகளுக்கு அது கையுறை இல்லை, மிற்றனும் இல்லை, வொட்டர்.

"எண்ணுறன்," என்றேன்.

"எண்ணேல்லை. விசாரிக்கிறீங்கள்," என்றாள்.

6

அக்காவின் மதிய இடைவேளைக்குக் காத்திருந்து அழைத்தேன்.

"அக்கா, லேபல் நீங்கள் தைச்சதோ?"

"ஓம். ஏன், கோணலே?"

"நேராத்தான் இருக்கு. மிற்றன் ஆர் தைச்சது?"

பின்னால் யாரோ மைக்ரோவேவ் கதவைச் சாத்தும் சத்தம். அக்கா நடந்து வெளியே வருவது தெரிந்தது, காற்று இரைந்தது.

"என்னடி, பொலிஸ் மாதிரிக் கேக்கிறாய்."

"சுங்கத்திலை இருந்து கேட்டிருக்கினம்."

"கேட்டால் ஓம் எண்டு எழுது. முதலாளி கடிதம் தந்தவர்தானே."

"அக்கா."

"தோல் வரேல்லையடி," என்றார். "நாங்கள் வெட்டிற தோல் அமெரிக்காத் தோல், தெரியுமே? இஞ்சை இவங்கள் பதிலுக்கு வரி போட, தோல் நெருப்பு விலை. உங்கட ஓடரைக் கையிலை வைச்சுக்கொண்டு முதலாளி ஊர் முழுக்கத் தோல் தேடினவர். பிறகு ஒருநாள் பெட்டியள் வந்து இறங்கினது. உள்ளுக்கு முழுசாத் தைச்ச மிற்றன். எங்களுக்கு வேலை, இருந்ததைக் கழட்டிறது, இதைத் தைக்கிறது."

"இருந்த லேபலிலை எந்த நாடு?"

"பாக்கேல்லை."

"பாக்காமல் எப்பிடிக் கழட்டுவீங்கள்?"

"பாக்க விரும்பேல்லை எண்டு சொல்லுறன். விளங்குதோ?"

விளங்கியது. ஆனால் நான் நிறுத்தவில்லை. எனக்கு ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். உங்களை நம்பித்தானே இங்கே இத்தனை பேர் வாங்கினார்கள் என்றேன். என் குரல் உயரவில்லை. அது இன்னும் மோசம் என்று என் கணவர் எப்போதும் சொல்வார்.

"லேபல் தைக்கிறதும் வேலைதான் தர்சி," என்றார் அக்கா. "அதுக்கும் மணித்தியாலம் விழுது. உங்கட ஓடராலை எனக்கு முழுநேரம் திருப்பிக் கிடைச்சது. நான் என்னெண்டு உன்னட்டைச் சொல்லுவன்? நீ ஒஸ்லோவிலை வாய் திறந்தால் பின்னேரத்துக்கிடையிலை ஸ்காபரோவுக்கு வந்திடும். ஒஸ்லோவிலை தங்கச்சி இருக்கிறது எனக்கு மட்டும்தான் எண்டு முதலாளிக்குத் தெரியும்."

"அப்ப நான் பொய் எழுதவோ?"

"உனக்கு உண்மை வேணும். எனக்கு வேலை வேணும். ரெண்டும் பிழையில்லை," என்றுவிட்டு, "பெல் அடிக்குது," என்றார்.

பெல் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

7

சில நாட்கள் நான் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். அக்கா முன்பு அனுப்பிய படங்களைத் திறந்து பின்னணியில் இருக்கும் பெட்டிகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கேக் வெட்டிய படத்தைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு, தைத்த மிற்றன் பெட்டிகள் வந்து இறங்குவதற்கு முன்னா பின்னா என்று யோசித்தேன். பருப்புப் பையைக்கூட மறுபடி கவிழ்த்தேன். ஒரு சந்தேகம் சரியாகிவிட்டால் மற்றவை எல்லாம் தைரியமாக எழுந்து நிற்கும்.

சுங்கத்துப் பெண்ணை மறுபடி அழைத்து, எனக்கு உறுதியில்லை என்றால் என்ன செய்யலாம் என்று கேட்டேன். சலுகையை நீங்களாகவே கைவிட்டு, தீர்வையைக் கட்டிவிட்டால் எங்களைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது என்றார். சலுகையைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் அனுப்பியவரிடம் விசாரிக்க வேண்டி வரும். அது எனக்குப் போதும். தீர்வையைக் கட்டினேன். பிறப்பிடம் என்ற இடத்தில் "தெரியாது" என்று திருத்தினேன். அதுதான் உண்மையும்கூட, பழைய லேபலில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்காவை அது காப்பாற்றும். ஆனால் குழு?

நான் ஒன்றும் சொல்லாமல் கொடுத்திருக்கலாம். துளைகளை யார் பார்க்கப்போகிறார்கள். கையுறைகள் கெட்டவை அல்ல. அதையும் பரிசோதித்தேன், தண்ணீர் உள்ளே போகவில்லை. ஆனால் கவிதா அன்றைக்குக் கேட்டிருந்தாள். அவள் கேட்டபோது நான் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

முதலில் அக்காவுக்கு எழுதினேன்: "சுங்கத்து விசாரணை உங்கள் கூடத்துக்கு வராது. ஆனால் வாங்கினவர்களுக்குச் சொல்லப்போகிறேன்." இரண்டு நீலச் சரிக்குறிகள் விழுந்தன. வாசித்துவிட்டார்.

பிறகு ஜெசிந்தா அக்காவின் வீட்டுக்குப் போனேன். ரொம்மனில் நான்காம் மாடி. அவர் வேலை உடுப்போடு நின்று கீரை அரிந்துகொண்டிருந்தார். நான் தொடக்கத்திலிருந்து சொன்னேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"லேபல் உம்மட அக்கா தைச்சதுதானே?"

"ஓம்."

"அப்ப எனக்கு அது காணும். நான் என்ன, மாட்டின்ர பாஸ்போட்டைப் பாத்தே வாங்கினனான்? அவவுக்கு வேலை கிடைக்கோணுமெண்டு வாங்கினது. கிடைச்சுது."

"அது பொய் லேபல், ஜெசிந்தா அக்கா."

"ஓம், பொய்தான். ஆரும் இல்லையெண்டு சொன்னதே?" கத்தியைக் கீழே வைத்தார். "நீர் எல்லாருக்கும் சொல்லத்தான் போறீர், முகத்திலை தெரியுது. சொல்லும். ஆனா ஃபோனிலை எழுதாதையும். எழுதினால் படம் பிடிச்சு அனுப்புவினம். கூப்பிட்டு, தேத்தண்ணி குடுத்து, வாயாலை சொல்லும். ஸ்காபரோவிலை ஆரிட்டையும் மூச்சு விடக்கூடாதெண்டு சத்தியம் வாங்குவம்."

ஜெசிந்தா அக்காவின் தம்பியும் ஸ்காபரோவில்தான் இருக்கிறார். அவர் வாயால் சத்தியம் என்ற சொல் வந்தபோது நான் அதைத்தான் நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்படவும் செய்தேன். வெட்கப்பட்டதால் சந்தேகம் குறையவில்லை.

8

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு, ஜெசிந்தா அக்காவின் கட்டிடத்துப் பொது அறையில் கூடினோம். வழக்கமாக அங்கே குடியிருப்பாளர்கள் சேர்ந்து முற்றம் கூட்டும் நாளில் வாஃபல் சுடுவார்கள். அந்த வாசனை சுவரிலேயே ஊறிப்போயிருக்கிறது. குழுப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று சொன்னேன். நீளமாகச் சொல்லவில்லை. இவை கனடாவில் செய்தவை அல்ல. லேபலை என் அக்கா தைத்தார், மேலிடத்தில் சொன்னபடி. வேண்டாதவர்கள் திருப்பித் தரலாம்.

"சொன்னீங்களே, அதுவே பெருசு," என்றாள் கவிதா. "ஆனா எனக்கு இந்த இலை வேண்டாம். இதைப் போட்டுட்டு நடந்தா நானும் சேர்ந்து பொய் சொல்ற மாதிரி. லேபலை எடுத்துட்டுத் தாங்க, வச்சுக்கறேன்."

"எனக்கும் எடுத்துத் தாரும்," என்றார் இன்னொருவர். பிறகு ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். ஜெசிந்தா அக்கா மட்டும் தன் இரண்டு சோடியையும் மடியில் வைத்துக்கொண்டு, "என்ர இலையிலை ஆரும் கை வைக்கக்கூடாது. தைச்ச பிள்ளைக்குக் கை நொந்திருக்கும்," என்றார்.

வீட்டிலிருந்து கொண்டுவந்த சிறிய கத்தியால் முதல் லேபலை வெட்டத் தொடங்கினேன். துல்லிய வேலை எனக்குப் புதிதல்ல. ஆனால் நாலாவது தையலில் கத்தி சறுக்கித் தோலில் ஒரு கீறல் விழுந்தது. இரண்டாவதில் துளையிலிருந்து துளைக்குக் கிழிந்தது.

"உம்மட அக்காவைக் கேளுமன்," என்றார் ஜெசிந்தா அக்கா. "தைச்சவவுக்குத்தானே தெரியும் எப்பிடி அவிழ்க்கிறதெண்டு."

"அவ வேலையிலை," என்றேன். ஒரு வாரத்துக்கு மேலாக என்னோடு கதைக்கவும் இல்லை. ஆனாலும் எழுதினேன்: "லேபல் கழற்றத் தோல் கிழியுது. என்ன செய்யிறது?" இடைவேளையில் பார்ப்பார், பார்த்தாலும் பதில் போடமாட்டார் என்று நினைத்துக்கொண்டு ஃபோனை மேசையில் வைத்தேன்.

வைத்த கையை எடுக்கவில்லை. வீடியோ அழைப்பு அடித்தது.

அக்கா தலை முழுகி ஈரத் துவாயைச் சுற்றியிருந்தார். பின்னால் அவருடைய குசினி, பைப்படியில் பாத்திரங்கள், ஜன்னலில் நல்ல வெயில். அங்கே காலை பதினொரு மணி. வேலைநாள்.

"காட்டு," என்றார்.

கையுறையைக் கமராவுக்கு முன் பிடித்தேன். கிழிந்த இடத்தைக் கண்டதும் நாக்கைத் தட்டினார்.

"மேலாலை ஏன் வெட்டினனீ? உள்ளை பிரட்டு. அடியிலை ஓடுற நூல் தெரியுதே? அதைத்தான் வெட்டோணும், ரெண்டு மூண்டு தையலுக்கு ஒருக்கா. பிறகு மேல் நூலைப் பிடிச்சு மெல்ல இழு. தோலை இழுக்காதை, நூலை இழு."

செய்தேன். நூல் முழு நீளத்துக்கு ஒரே இழுப்பில் வந்தது. லேபல் தானாக மேசையில் விழுந்தது. பெண்கள் எல்லாரும் ஃபோனைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். யாரும் அக்காவிடம் சுகம் விசாரிக்கவில்லை, எல்லாரும் நூலையே பார்த்தார்கள்.

முதலாளிக்கு யார் சொன்னது, எப்போது சொன்னது, அவர் என்ன சொல்லி வேலையிலிருந்து அனுப்பினார், இல்லை அக்காவாகவே எழுந்து வந்தாரா? இத்தனை கேள்விகளும் ஒழுங்கான வரிசையில் என் வாயில் நின்றன. ஜெசிந்தா அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவரும் அந்த வெயில் விழுந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலிருந்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் கண்டுபிடிக்க முயலவும் இல்லை.

"இன்னும் எத்தினை சோடி இருக்கு?" என்றார் அக்கா.

"கனக்க இருக்கு அக்கா. நாங்கள் செய்வம். நீங்கள் வையுங்கோ."

"நீ வெட்டிக் கிழிச்சுப்போடுவாய்," என்றார். ஒரு கதிரையை இழுத்துக் கமராவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து, துவாயை அவிழ்த்துத் தலையைத் துவட்டத் தொடங்கினார். "ஒவ்வொண்டாக் காட்டு. எனக்கு இண்டைக்கு ஒரு அவசரமும் இல்லை."